நூற்றுக்கு ஒரு கணக்குக்காய்

கணக்கு படிச்ச மாப்பிள்ளைதான் வேணும்னு எங்க அப்பாவுக்கு ஒரு கிறுக்கு. விளவங்கோட்டுப் பக்கம் தென்னையிலயும் பனையிலயும் கிடந்த குடும்பம் நாங்க. சோத்துக்குக் கொறவில்லை, படிச்ச ஆளுதான் இல்ல. அதனால பையன் பி.ஏ., அதுவும் கணக்குன்னு காதுல விழுந்ததும் வேற ஒண்ணும் விசாரிக்காம என்னைக் கட்டிக்குடுத்துட்டாவ. விசாரிச்சிருந்தா தெரிஞ்சிருக்கும், இந்த அருமைநாயகம்ங்கிற மனுசன் பொறக்கும்போதே அலுத்துப்போய்ப் பொறந்தவருன்னு.

செல்லபாய்ங்கிற நான் அதுக்கு நேர் எதிர். வாய் ஓயாது. வீட்டுல ரெண்டு பேருக்கும் சேத்து நானே பேசிக்கிடுவேன். அவிய, அதான் என் மனுசன், காலம்பற எழும்பும்போதே "அப்பாடா"ன்னு சொல்லிக்கிட்டுதான் எழும்புவாவ. நல்லாத் தூங்கின மனுசனுக்கு என்ன அப்பாடான்னு கேட்டா, "இன்னைக்குப் பூரா பாக்கி இருக்கே பிள்ளே" அப்படிம்பாவ.

குத்தம் சொல்லவும் மனசு வரல. திருவனந்தபுரத்துல பி.ஏ. பாஸ் பண்ணிட்டு சர்க்கார் வேலைக்கு மனு போட்டாவ, போட்டாவ, போட்டுக்கிட்டே இருந்தாவ. கையெழுத்து அழகாச்சே தவிர வேலை வரல. டியூஷன், பத்திரம் எழுதுதது, லீவுல போன வாத்தியாருக்குப் பதில் வாத்தியாருன்னு அலைஞ்சு அலைஞ்சு செருப்புத்தான் தேஞ்சுது. கடைசில யுத்தம் வந்த பெறவு திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவுல ஒரு எண்ணெய் மில்லுல, வாற சரக்கைப் பரிசோதிக்குற கிளார்க்கு வேலை கிடைச்சுது. கிள்ளியாத்துப் பக்கம் ஒரு சின்ன வீட்டை வாடகைக்குப் பிடிச்சோம். பட்டாளத்துக்கு எண்ணெய் போகுது, மில்லு ஓயாம ஓடுது, அவியளுக்குத்தான் ஓடத் தெம்பில்ல.

வேலை என்னன்னா, தேங்காய் கொண்டுவாற ஆளுகளோட மில்லுக்கு ஒரு ஒப்பந்தம் உண்டு. நூத்துக்குப் பத்து காய் வரைக்கும் கெட்டது இருக்கலாம், அதுக்கு மேல இருந்தா சரக்கு தள்ளுபடி. வந்த சரக்கு முழுசையுமா உடைச்சுப் பாக்க முடியும்? ஒரு நூறு காயை எடுத்து உடைச்சுப் பாப்பாவ. அங்கதான் தினமும் சண்டை. பன்னெண்டு கெட்டது வந்துட்டு, தள்ளும்பாரு மானேஜர். "இன்னொரு நூறு உடையும் வேய், எட்டுதான் வரும்"னு காய்க்காரன் கத்துவான். உடைச்சா எட்டுதான் வரும்! ரெண்டு பேரும் சரிதான். நூத்துக்குப் பத்து கெட்டுப்போன சரக்குலயும் ஒரு தடவை நூறு எடுத்தா ஏழு வரும், மறு தடவை பதிமூணு வரும். அது கைபோன போக்கு. அப்பம் எத்தனைக்கு மேல போனா அது கைபோன போக்கு இல்ல, சரக்கே மோசம்னு சொல்லலாம்? அதைக் கண்டுபிடிச்சுத் தாரும்னு மானேஜர் என் மனுசன் தலையில கட்டிட்டாரு.

முதல்ல அவிய சுத்து வழியில போனாவ. சரியா பத்து கெட்டது வர என்ன வாய்ப்பு, பதினொண்ணு வர என்ன வாய்ப்பு, பன்னெண்டு வர என்ன வாய்ப்புன்னு ஒவ்வொண்ணா லாகரிதம் புத்தகத்தைப் பாத்துப் பெருக்கிக்கிட்டே கிடந்தாவ. ஒரு எண்ணுக்கே ஒரு பக்கம் நெறைய எழுதணும். எல்லாத்தையும் கூட்டி முடிக்குமுன்ன மானேஜர் நூறை விட்டு இருநூறு உடைக்கச் சொல்லுவாரு, மறுபடியும் முதல்ல இருந்து. ஞாயித்துக்கிழமை ஆராதனையில உக்காந்திருக்கும்போதும் விரலு தொடையில பெருக்கிக்கிட்டே இருக்கும். சோறு ஆறி, மீன்கறி ஆறி, கடைசில எனக்கும் ஆறிப்போச்சு. "கெட்ட காயை எண்ணுததுக்கு இவ்வளவு பாடா? கண்ணால பாத்தாத் தெரியாதா?"ன்னு கேட்டேன். "கண்ணால பாக்குறதுக்கு பி.ஏ. எதுக்கு பிள்ளே"ன்னாவ. அந்த அலுப்புலயும் ஒரு கிண்டல்.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் கொஞ்சம் தெளிஞ்ச முகத்தோட வந்தாவ. கூடப் படிச்சவரு ஒருத்தரு காலேஜ்ல வாத்தியாரா இருக்காரு, அவருகிட்ட ஒரு புத்தகம் கிடைச்சுதாம். வந்த காலோட அடுப்புக்கரியை எடுத்து, நான் அன்னைக்குத்தான் மெழுகின தரையில, வரிசையாத் தூண் தூணா வரைஞ்சாவ. எனக்கு வந்த கோவத்துக்கு அளவே இல்ல. "இது பத்துக் காய்க்கு நிக்கிற தூண், இதுதான் உசரம். ஒம்பதுக்கும் பதினொண்ணுக்கும் கொஞ்சம் குட்டை. ரெண்டு பக்கமும் போகப் போகக் குட்டை. இப்பம் பாரு"ன்னு சொல்லி தூண்களோட தலை மேல கூடி ஒரே இழுப்புல ஒரு வளைவு போட்டாவ. நடுவுல மேடு, ரெண்டு பக்கமும் சரிவு. கமுத்தி வச்ச மணி கணக்கா இருந்துது.

"ஒவ்வொரு தூணாப் பெருக்குததுக்குப் பதிலா இந்த வளைவை அளந்தாப் போதும். இதுக்கு ஏற்கெனவே ஒருத்தன் வாய்ப்பாடு போட்டு வச்சிருக்கான். நமக்கு ரெண்டு விசயம்தான் தெரியணும், நடு எங்க இருக்கு, எவ்வளவு பரந்திருக்கு. நூறு காய்ல பத்துல ஒரு பங்கு கெட்டது, அப்பம் நடு பத்து. பரப்புக்கு, அந்தப் பத்தை நல்ல காயோட பங்கால பெருக்கு. பத்துல ஒம்பது பங்கு நல்லது, அப்பம் ஒம்பது. ஒம்பதுக்கு வர்க்கமூலம் மூணு. மூணு காய் ஒரு அடின்னு வச்சுக்க. நடுவுல இருந்து ரெண்டு அடி தள்ளிப் போனாலும் கைபோன போக்குன்னு விட்டுரலாம். மூணு அடிக்கு மேல போச்சுன்னா சரக்குலதான் கோளாறு."

இவ்வளவுதானான்னு எனக்கே ஆயிட்டு. இதுக்கா இத்தனை நாள் என் மீன்கறி ஆறினது?

"ஒரே ஒரு சங்கதி. பதிமூணும் அதுக்கு மேலயும் வர வாய்ப்பு எவ்வளவுன்னா, பன்னெண்டரையில இருந்து அளக்கணும்"னாவ.

"அரைக்காய் எங்க இருந்து வந்துது? எந்தத் தென்னையில அரையாக் காய்க்கு?"

"தூணுக்கும் அகலம் உண்டுல்லா? பதிமூணாந் தூண் பன்னெண்டரையில தொடங்கி பதிமூணரையில முடியுது. வளைவு வழுக்கிக்கிட்டே போகும், காய் முழுசு முழுசா வரும். ரெண்டையும் பொருத்தணும்னா அரைக்காய் விட்டுக்குடுக்கணும்."

"விட்டுக்குடுக்குத அரைக்காயை வீட்டுக்குக் கொண்டாங்க, துவையலுக்கு ஆவும்"னேன். சிரிச்சாவ. அவிய சிரிச்சா என் வயிறே குளுந்துரும், அதையும் சொல்லிருதேன்.

இந்த வளைவுல ஒரு நிபந்தனை உண்டு. காயைப் பாத்து எடுக்கக்கூடாது, கண்ணை மூடிக்கிட்டு எடுத்த மாதிரி எடுக்கணும். மேல கிடக்கிறதை மட்டும் எடுத்தாத் தப்பு, ஓரத்துல கிடக்கிறதை எடுத்தாலும் தப்பு. குவியல்ல ஏறி, மேல கொஞ்சம், நடுவுல கொஞ்சம், தோண்டி அடியில கொஞ்சம்னு எடுக்கணும். மலை மாதிரிக் கிடக்குத தேங்காய்க் குவியல்ல ஏறிப் பாத்திருக்கியளா? காலுக்கடியில உருண்டு ஆளையே கீழ தள்ளிரும். மூட்டை சுமக்குத சுமட்டுக்காரங்க அவங்க வேலையை விட்டுட்டு வரமாட்டாங்க. இந்த அலுத்த மனுசன் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு தானே ஏறுவாவ. வீட்டுக்கு வந்து இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு உக்காருவாவ, நான் எண்ணெய் போட்டுத் தேய்ப்பேன்.

அப்பந்தான் அவியளுக்கு அந்த யோசனை வந்துது. எங்க ஊருல தேங்காய் எண்ணுத முறை ஒண்ணு உண்டு. கைக்கு ரெண்டு மூணா எடுத்து எறிஞ்சுக்கிட்டே எண்ணுவாங்க. நூறு ஆனதும் ஒரு காயைத் தனியா ஒரு மூலையில எறிவாங்க. அதுக்குப் பேரு கணக்குக்காய். கடைசில மூலையில கிடக்குததை எண்ணினா எத்தனை நூறுன்னு தெரிஞ்சுபோகும். மில்லுலயும் எங்க பக்கத்து ஆளுகதான் எண்ணுதாங்க, அதே முறைதான். "ஒவ்வொரு நூறுலயும் ஒரு காய். மேல இருந்தும், நடுவுல இருந்தும், அடியில இருந்தும் தானா வந்து மூலையில கிடக்கு. இதைவிடக் கண்ணை மூடி எடுக்க முடியுமா? ஏறவும் வேண்டாம், தோண்டவும் வேண்டாம்"னு சந்தோசமாச் சொன்னாவ. வேற ஊர்க்காரனுக்கு இந்த யோசனை சென்மத்துக்கும் வராது. தேங்காய் எண்ணுததைப் பாத்தே வளந்த மனுசனுக்குத்தான் வரும்.

அடுத்து வந்தது எங்க அண்ணன் சரக்கு.

அண்ணன் நேசையனைப் பத்திச் சொல்லணும். அவன் படிக்கல, ஆனா தேங்காயைக் காதுகிட்ட வச்சு ஒரு குலுக்குக் குலுக்கினா உள்ள பருப்பு எப்படின்னு சொல்லிருவான். சுத்துவட்டாரத்துல எல்லாரும் நேசையன் கைன்னுதான் சொல்லுவாங்க. ஊர்க்காரங்க காயை எல்லாம் சேத்து, தானே தட்டிப் பாத்துப் பொறுக்கி, வண்டி வண்டியா சாலைக் கடைத்தெருவுக்கு ஏத்துவான். இந்த மில்லு ஒப்பந்தம்தான் அவனுக்கு எல்லாமே. அது போச்சுன்னா சாலையில ஒரு கடைக்காரனும் அவன் சரக்கைத் தொடமாட்டான். மானம், மரியாதை, தொழிலு எல்லாம் அந்தக் கையிலதான் இருந்துது.

பத்தாயிரம் காய் இறக்கினான். மூலையில நூறு கணக்குக்காய். உடைச்சாவ. கெட்டது இருபத்திரண்டு.

அன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வந்தாவ. "இருபத்தொண்ணரையில இருந்து அளந்தேன். நடுவுக்கு மேல பதினொண்ணரை காய். கிட்டத்தட்ட நாலு அடி. வாய்ப்பாட்டுல பாத்தா பதினஞ்சாயிரம் தடவைக்கு ஒரு தடவை வந்தா உண்டு. ஓரத்துக்குப் போகப் போக வளைவு கொஞ்சம் குறைச்சுக் காட்டும், சரி, அதுக்கு எவ்வளவு விட்டுக்குடுத்தாலும் ஆயிரத்துல ஒண்ணுகூட ஆகாது"ன்னு சொவரைப் பாத்துச் சொன்னாவ.

"அண்ணன் கெட்ட காயைக் கலந்துட்டான்னா சொல்லுதிய?"

"அப்படிச் சொல்லல. கைபோன போக்கு இல்லன்னு மட்டும் சொல்லுதேன்."

"ரெண்டும் ஒண்ணுதான்! இன்னொரு நூறு உடைச்சுப் பாருங்க."

"எல்லாருக்கும் ஒரு நூறு, பொண்டாட்டியோட அண்ணனுக்கு மட்டும் ரெண்டு நூறா? நாளைக்கு என் கணக்கை எவன் மதிப்பான்?"

நான் கத்தினேன், அழுதேன், சட்டியைப் போட்டு உடைச்சேன். ஒரு புண்ணியமும் இல்ல. உள்ளது உள்ளபடி எழுதிக் குடுத்துட்டாவ. மில்லு, தள்ளின சரக்கைத் திருப்பி அனுப்பாமப் பாதி விலைக்கு எடுத்து அரைச்சுட்டு, ஒப்பந்தத்துல இருந்து அண்ணன் பேரை வெட்டிட்டுது.

அண்ணன் வீட்டுக்கு வந்தான். சண்டை போடுவான்னு நெனச்சேன், போட்டிருந்தா நல்லாருந்திருக்கும். காப்பியைக் குடிச்சுட்டு, "மாப்ள, இருபத்திரண்டா?"ன்னு கேட்டான்.

"ஆமா மச்சான்."

"நீங்களே எண்ணினியளா?"

"நானேதான் எண்ணினேன்."

"அப்பம் சரிதான்"னு எழும்பிட்டான். வாசல் வரைக்கும் நான் பின்னாலயே போனேன். "பிள்ளே, ஒவ்வொரு காயும் நான் குலுக்கிப் பாத்து ஏத்தினது. நல்ல காய்னுதான் கை சொல்லிச்சு. மாப்ள கணக்கு பொய் சொல்லாது. கைதான் போயிட்டு"ன்னான். அவன் கண்ணைப் பாக்க முடியல என்னால.

அதுக்குப் பெறவு அவன் காய் வாங்கல. மத்த கடைக்காரன் ஒருத்தன் ரெண்டு பேரு கூப்பிட்டும் போகல. எதை எடுத்துக் குலுக்கினாலும் சந்தேகமா இருக்குன்னு மாட்டையும் வண்டியையும் வித்துட்டான். கரமனையில ஒரு மரக்கடையில வாசல்ல காவலுக்கு உக்காந்தான். எங்க மதினி தாசம்மாள் என்கூடப் பேச்சை விட்டா. அவளைச் சொல்லிக் குத்தமில்ல.

மழைக்காலம் வந்துது. ஒருநாள் அவிய எண்ணுத கொட்டகையில, கால் ஓஞ்சு, சாக்கு மேல உக்காந்திருக்காவ. சும்மா பாத்துக்கிட்டு இருந்திருக்காவ. நூறு ஆனதும் எண்ணுத ஆளு கையில இருந்த மூணு காயையும் ஒரு தடவை தூக்கிப் பாத்துட்டு, அதுல கனமில்லாததை எடுத்து மூலைக்கு எறிஞ்சிருக்கான். அடுத்த நூறுலயும் அப்படியே. ஏன்டேன்னு கேட்டதுக்கு, "அவ்வளவு தூரம் எறியணும்லா சார், தோளு நோவுது. லேசானதுன்னா சொகமாப் போகும்"னானாம். லேசானதுன்னா என்ன? பருப்பில்லாதது, உள்ள கெட்டது. எண்ணுதவன் கைக்கு அது தானாத் தெரியும்.

அவிய எழும்பி, வேட்டியை மடிச்சுக் கட்டி, அந்தக் குவியல்ல ஏறித் தோண்டி நூறு எடுத்து உடைச்சாவ. எட்டு. அதே குவியலோட கணக்குக்காய் நூறையும் உடைச்சாவ. இருபது.

பட்டப்பகல்ல வீட்டுக்கு வந்து நின்னாவ. சொல்லி முடிச்சதும் நான், "ஐயோ பாவி மனுசா, என் அண்ணனைக் கொன்னுட்டியளே!"ன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டேன். "அண்ணன் காயில ஒண்ணு ரெண்டாவது கிடக்குமா?"ன்னு கேட்டேன்.

"எல்லாம் எண்ணெயாப் போயிட்டு. இனி காட்டுததுக்கு ஒண்ணுமில்ல."

மானேஜர்கிட்ட போய்ச் சொன்னாவ. மானேஜர் மலையாளத்துக்காரரு, சிரிச்சிருக்காரு. "மிஸ்டர் நாயகம், நேசையன் உங்க அளியன் அல்லே? இப்பம் வந்து கணக்கு தெற்றுன்னு பறஞ்சா ஆராவது விசுவசிக்குமோ?" அளியன்னா மச்சான், தெற்றுன்னா தப்பு. மச்சானுக்காவத்தான் கணக்கு மாறுதுன்னு அவரு முடிவே கட்டிட்டாரு. கணக்குக்காயை உடைக்குததை மட்டும் நிறுத்த விட்டாரு, அதுவும் நானே தினம் ஏறிக்கிடுதேன்னு அவிய சொன்ன பெறவு. அண்ணன் பேரை மறுபடி சேக்குத பேச்சே இல்லன்னுட்டாரு.

"தொழிலு போனாப் போகட்டும். கை போகலன்னு அவருக்குத் தெரியணும்"னு சொல்லி, அடுத்த ஞாயித்துக்கிழமை ஆராதனை முடிஞ்ச கையோட என்னையும் கூட்டிக்கிட்டு கரமனைக்கு நடந்தாவ. வழி முழுக்க இடுப்பைப் பிடிச்சுப் பிடிச்சு நடந்தாவ.

அண்ணன் மரக்கடை வாசல்ல ஒரு முக்காலியில உக்காந்திருந்தான். எங்களைக் கண்டதும் எழும்பி முக்காலியை மாப்பிள்ளைக்குப் போட்டான். அவிய உக்காரல. ஒரு மரச்சிராயை எடுத்துக்கிட்டு மண்ணுல குத்தவச்சாவ. தூண் வரைஞ்சாவ, வளைவு போட்டாவ, மூணு காய் ஒரு அடின்னு சொன்னாவ, மூலைக்கு லேசான காயை எறியுததைச் சொன்னாவ, எட்டையும் இருபதையும் சொன்னாவ. அவ்வளவு நீளமா அவிய பேசி நான் கேட்டதே இல்ல. வேர்த்து ஊத்துது. "வளைவுல தப்பில்ல மச்சான், நான் எடுத்த காய்லதான் தப்பு. உங்க சரக்கு நல்ல சரக்கு. உங்க கை போகல, அது எப்பவும் போல இருக்கு. அலுப்புல நான்தான் குவியல்ல ஏறாமப் போனேன்."

அண்ணன் மண்ணுல கிடந்த படத்தைப் பாத்தான். பெறவு குனிஞ்சு அவிய ரெண்டு கையையும் பிடிச்சான். அவன் கண்ணுல தண்ணி.

"மாப்ள, அரைக்காய் பிசகினாக்கூட எழுதமாட்டிய. அது எனக்குத் தெரியும், ஊருக்கே தெரியும். அந்த நீங்க எனக்காவ இவ்வளவு பெரிய பொய்யை மினக்கெட்டுச் செஞ்சு கொண்டு வந்திருக்கிய. எனக்கு இது போதும்."

"பொய் இல்ல மச்சான்! சத்தியமாச் சொல்லுதேன், இது…"

"சத்தியம் பண்ண வேண்டாம் மாப்ள. கோயிலுக்குப் போயிட்டு வந்த வாய்."

அவிய என்னைத் திரும்பிப் பாத்தாவ. "நீயாவது சொல்லு பிள்ளே." அந்தக் குரல் இப்பவும் என் காதுல கிடந்து அறுக்குது.

"அண்ணே, அவிய சொல்லுதது அத்தனையும் நெசம்"னேன்.

அண்ணன் என் தலையில கைவச்சான். "நல்ல புருசன் பிள்ளே உனக்கு. நல்லாப் பாத்துக்க"ன்னான். தெருவுல மரத்தடி ஏத்தின வண்டி ஒண்ணு வந்து நின்னுது. அவன் கண்ணைத் துடைச்சுக்கிட்டு கேட்டைத் திறக்கப் போயிட்டான்.